விலங்கு வதைக்குத் தண்டனை பெற்ற வீரருக்கு இன்னொரு வாய்ப்பு தரலாமா? ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு கபடிக் குழுவின் செயலாளர் என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு நீங்கள் எழுதிய கேள்வியை இரண்டு முறை படித்தேன். பக்கத்து வீட்டு நாயை இரும்புக் கம்பியால் அடித்து, அதன் பின்னங்கால் ஒன்றை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததற்காக, உங்கள் குழுவின் முதன்மை ரெய்டருக்கு நீதிமன்றம் ஐம்பது ரூபாய் அபராதம் விதித்திருக்கிறது. ஓணப் போட்டிகள் நெருங்குகின்றன. அவரைச் சேர்க்கலாம் என்று பாதிப் பேரும், கூடாது என்று மீதிப் பேரும் நிற்கிறார்கள். நாய்ச்சண்டை நடத்திச் சிறைக்குப் போன அமெரிக்க வீரர் மைக்கேல் விக்கையே திரும்பச் சேர்த்துக்கொண்டார்களே, நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்பது சேர்க்கலாம் என்பவர்களின் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் மன்னிப்பதா வேண்டாமா என்ற ஒரே கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது மூன்று கேள்விகள் என்று எனக்குப் படுகிறது. அவர் மறுபடி விளையாடலாமா? அவரை மறுபடி கொண்டாடலாமா? அவரை நம்பி மறுபடி ஒரு விலங்கை விடலாமா? மூன்றுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்று எண்ணுவதால்தான் உங்கள் கூட்டத்தில் சண்டை வருகிறது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாடலாம், நிபந்தனைகளோடு. கொண்டாடுவதற்கு நெடுநாள் ஆக வேண்டும். விலங்கை ஒப்படைக்கக் கூடாது.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் 32 ஆண்டுகள் பணியாற்றினேன். அதில் பெரும்பகுதி கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் கழிந்தது. பசுவுக்குச் சினை ஊசி போடுவதும் கோழிக்கும் ஆட்டுக்கும் தடுப்பூசி போடுவதுமே அன்றாட வேலை என்றாலும், அடிபட்டும் வெட்டுப்பட்டும் வெந்நீர் ஊற்றப்பட்டும் வந்த நாய்களுக்குக் காயச் சான்று எழுதியிருக்கிறேன். சில வழக்குகளில் கூண்டேறிச் சாட்சி சொல்லியுமிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன், மனநல மருத்துவனும் அல்லன். ஓர் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல எனக்குப் பயிற்சி உண்டு. அதைச் செய்தவருடைய மனம் இனி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல இல்லை. இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். அடி ஒருநாள் விழுந்ததா, பல நாள் விழுந்ததா என்பதை விலங்கின் உடம்பு மறைப்பதில்லை. நாயின் தோலை ரோமம் மூடியிருப்பதால், மனிதருக்குக் கன்றிச் சிவப்பது போல வெளியே எதுவும் தெரியாது. மழித்துப் பார்த்தால்தான் தெரியும். எலும்பு அதைவிடத் தெளிவாகப் பேசும். அண்மையில் முறிந்த விலா எலும்பின் ஓரம் எக்ஸ்ரேயில் கூர்மையாக இருக்கும். சில வாரங்கள் ஆன முறிவைச் சுற்றிப் புது எலும்பு மங்கலாகத் திரண்டிருக்கும். மாதக்கணக்கில் ஆனது வழவழப்பான முண்டாக நிற்கும். ஒரே நாயின் விலாவில் இந்த மூன்றும் அடுத்தடுத்துத் தெரிந்தால், ஆத்திரத்தில் ஒரு தடவை கை நீண்டுவிட்டது என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. சண்டைக்குப் பழக்கிய நாய்களிடம் தழும்புகள் முகத்திலும் காதுகளிலும் கழுத்திலும் முன்னங்கால்களிலும் குவிந்திருக்கும். தெருநாய்கள் தமக்குள் கடித்துக்கொண்டால் தோற்றது வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடிவிடும், சண்டை சில நொடிகளில் முடியும். அடைப்புக்குள் விடப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை, அதனால் காயமெல்லாம் எதிரியைப் பார்த்து நிற்கும் பக்கத்திலேயே விழும். ஒரு மனிதர் செய்த குற்றத்தை எடைபோட, அது ஒரு கணத்தின் வெறியா, நாள்பட்ட பழக்கமா, அல்லது பணத்துக்காக நடத்திய தொழிலா என்பதே நான் முதலில் பார்ப்பது. ஏனென்றால் மனம் மாறினேன் என்று ஒருவர் சொல்லும்போது, எதிலிருந்து மாற வேண்டியிருந்தது என்பதை அதுதான் காட்டும்.

இந்த அளவுகோலில் விக்கின் வழக்கு மிகக் கொடியது. அவர் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்தும் முதன்மை ஆட்டக்காரர். அமெரிக்கக் கால்பந்தில் அன்று மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி கவுண்டியில் இருந்த அவருடைய வீட்டை அதிகாரிகள் சோதனையிட்டபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் கிடைத்தன. 2001இலிருந்து ஆறு ஆண்டுகள் அங்கே சண்டை நாய்கள் வளர்க்கப்பட்டன, பந்தயம் நடந்தது. சோதித்துப் பார்த்ததில் சரியாகச் சண்டையிடாத ஆறு முதல் எட்டு நாய்கள் தூக்கிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொல்லப்பட்டன என்பதும், அதில் தமக்கும் பங்கு உண்டு என்பதும் அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட வாசகத்தில் உள்ளன. தொடக்கத்தில் அவர் எல்லாவற்றையும் மறுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி 23 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்; உடன் குற்றவாளிகளுக்குக் கிடைத்ததைவிட அது அதிகம். அவர் முழு உண்மையையும் சொல்லவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிறகு நடந்தவற்றை உங்கள் நண்பர்கள் பாதி மட்டும் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் லீக் அவரை நிபந்தனைகளுடன் அனுமதித்தது, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி எடுத்துக்கொண்டது, 2010இல் ஆண்டின் சிறந்த மறுவருகை வீரர் என்ற விருது கிடைத்தது, 2011இல் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2024 டிசம்பரில் நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. இவை ஒரு பாதி. மறுபாதியில் அவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்தார், திவாலானார், விளையாட்டு வாழ்வின் நல்ல ஆண்டுகளில் இரண்டை முழுதாக இழந்தார். அந்த நாய்களின் பராமரிப்புக்காக 9,28,000 டாலருக்கு மேல் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மேற்பார்வைக் காலத்தில் நாய் வைத்திருக்கக் கூடாது என்று தடை இருந்தது. அமெரிக்காவின் பெரிய விலங்குநல அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து, நாய்ச்சண்டை வழக்கமாக நடக்கும் பகுதிகளிலேயே இளைஞர்கள் முன் நின்று, நான் செய்தது இது என்று பேசினார். நாய்ச்சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் சட்டத்துக்கு 2011இல் ஆதரவு தெரிவித்தார்.

அந்தப் பணம் எங்கே போனது என்பதில்தான் என் கவனம் நிற்கிறது. அதுவரை சண்டைக் கூடங்களில் பிடிபடும் நாய்களை, இவை திருந்தாதவை என்று முடிவுகட்டி, வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதே அங்கே பரவலான வழக்கம். இந்த வழக்கில் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள், நீதிமன்றம் அவற்றுக்கென்றே ஒரு சட்டப் பேராசிரியரைப் பொறுப்பாளராக நியமித்தது, பெரும்பாலானவை பிழைத்தன. 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு காப்பகத்துக்குப் போயின. மற்றவை வேறு அமைப்புகள் வழியாக வீடுகளுக்குப் போயின. இன்னொரு வாய்ப்பு முதலில் நாய்களுக்குத் தரப்பட்டது, அதற்குப் பணம் தந்தவர் குற்றவாளி. இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 2012இல், தடைக்காலம் முடிந்த சிறிது நாளில், தம் குடும்பம் நாய் வளர்ப்பதாக அவர் தெரிவித்தார், பிள்ளைகளுக்காக என்றார். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனாலும் அந்தப் படியில் நான் அவரோடு உடன்படவில்லை. அவர் அந்த நாயைத் துன்புறுத்துவார் என்று சொல்ல வரவில்லை. ஆறு ஆண்டுகள் அப்படி நடந்துகொண்ட ஒருவர், இந்த ஒன்றை வாழ்நாள் முழுதும் விட்டுவைப்பதே தம் செயலின் அளவைத் தாம் உணர்ந்ததற்கு அடையாளம் என்று கருதுகிறேன்.

விக்கை மட்டும் எடுத்துக்காட்டினால் படம் முழுமையாகாது. லெஷான் ஜான்சன் என்று இன்னொரு முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் இருக்கிறார். நாய்ச்சண்டை தொடர்பான மாநில வழக்கில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர். 2024 அக்டோபரில் ஓக்லஹோமாவில் அவரிடமிருந்து 190 நாய்கள் கைப்பற்றப்பட்டன. 2025 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நடுவர் குழு ஆறு குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. ஒரே வகைக் குற்றம், ஒரே விளையாட்டு. ஒருவர் அந்த உலகத்தைவிட்டு வெளியே வந்ததாகத் தெரிகிறது, மற்றவர் அதற்குள்ளேயே பெருகினார். எல்லாரும் திருந்துவார்கள் என்பவர்களுக்கும், இப்படிப்பட்டவர்கள் திருந்தவே மாட்டார்கள் என்பவர்களுக்கும் இந்த இரண்டு வாழ்க்கைகளும் சேர்ந்தே பதில் சொல்கின்றன.

உங்கள் வழக்குக்கு அளவில் நெருங்கியது இங்கிலாந்தில் நடந்தது. அப்போது வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்த கர்ட் ஸூமா, தம் வீட்டுப் பூனையை உதைப்பதும் அறைவதும் பதிவான காணொளி 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. கழகம் இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்து, அதை விலங்குநல அமைப்புகளுக்குத் தருவதாக அறிவித்தது. நீதிமன்றம் 180 மணிநேரச் சமூகப் பணியும், ஐந்தாண்டுகளுக்குப் பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. பூனைகள் இரண்டும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டன. இவை சரியே. ஆனால் காணொளி பரவிய உடனேயே நடந்த ஆட்டத்தில் அவர் களமிறக்கப்பட்டார். தண்டனை பெற்று ஓராண்டும் சில மாதங்களும் ஆவதற்குள், 2023 ஆகஸ்டில், அணித்தலைவரும் ஆக்கப்பட்டார். அவர் பந்து விளையாடுவதில் எனக்கு மறுப்பில்லை. அது அவருடைய தொழில், கற்ற வேலை, வீட்டுக்கு அரிசி வாங்கும் வழி. கொத்தனார் ஒருவர் இதே குற்றம் செய்து தண்டனையை முடித்துவிட்டு வந்தால், இனி கரண்டி பிடிக்காதே என்று யாரும் சொல்ல மாட்டோம். தலைவர் பட்டை வேறு. அது, இவரைப் பார்த்து மற்றவர்கள் நடக்கட்டும் என்று ஓர் அணி தன் ரசிகர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சொல்லும் சொல். அந்தச் சொல்லை அவ்வளவு விரைவில் சொன்னது தவறு.

விலங்கையே கையில் பிடித்து ஆடும் விளையாட்டுகளில் இந்தப் பிரிப்பு செல்லாது. பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் மீண்டும் மீண்டும் சாட்டையால் அடித்த காணொளி வெளிவந்ததால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். சர்வதேசக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடையும் பத்தாயிரம் சுவிஸ் பிராங்கு அபராதமும் விதித்தது. இது நீதிமன்றத் தண்டனை இல்லை என்பதால் உங்கள் கேள்விக்குள் முழுதாக வராது. ஆனால் அங்கே விளையாடு என்பதும் விலங்கைப் பிடி என்பதும் ஒன்றே ஆகிவிடுகின்றன. ஆகவே கண்காணிப்பு இல்லாமல் திரும்ப அனுமதிப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். கபடியில் அந்தச் சிக்கல் இல்லை, அது உங்களுக்கு நல்லது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் வீரருக்கு விதித்த ஐம்பது ரூபாயைக் கேட்டு நீங்களே அதிர்ந்திருப்பீர்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் 11ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய்வரை அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால்தான் நூறு ரூபாய் வரையிலோ மூன்று மாதச் சிறை வரையிலோ போகும். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஐம்பது ரூபாய்க்கு அரைப் பவுனுக்கு மேல் தங்கம் வாங்கலாம். நம் மாவட்டத்தில் எதையும் பவுன் கணக்கில் எண்ணிப் பழகியவர்களுக்கு, அன்று அந்தத் தண்டனைக்கு இருந்த கனம் புரியும். தொகையை மாற்றாமல் விட்டதால் கனம் போய்விட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்தாண்டுவரை சிறைக்கு இடம் தருகிறது. உங்கள் வழக்கில் அந்தப் பிரிவு ஏன் சேர்க்கப்படவில்லை என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். சட்டத்துக்கு மன்னிக்கவும் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. இருபத்தோரு வயதுக்குக் கீழே உள்ளவரைச் சிறைக்கு அனுப்பத் தயங்க வேண்டும் என்ற எண்ணமும் அதே சட்டத்தில் உண்டு. நான் இதை மதிக்கிறேன். ஆனால் விக் இழந்ததையும் உங்கள் வீரர் இழந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாமவர் கணக்கைத் தீர்த்துவிட்டுத் திரும்பினார். உங்கள் வீரர் இன்னும் எதையும் இழக்கவில்லை. அவருக்கு இன்னொரு வாய்ப்பு தருவதா என்று பேசும் முன், முதல் வாய்ப்பு பறிபோனதாக அவர் உணரவாவது செய்தாரா என்று பாருங்கள். நீதிமன்றம் வாங்காத விலையைக் கேட்டு வாங்கும் பொறுப்பு உங்கள் குழுவிடம் வந்து நிற்கிறது.

அதை எப்படிக் கேட்பது என்பதற்கு என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாலிபால் களம். ஸ்மாஷ் அடிப்பதில் பெயரெடுத்த பையன் ஒருவன், பந்தைக் கடித்துக் கிழித்த நாயை, வலைக்கு நட்டிருந்த கமுகுத் தடியைப் பிடுங்கி அடித்துவிட்டான். அந்த நாய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீசில், வேலை செய்த ஒரு வயதான அம்மா. பழைய சேலையில் நாயைப் பொதிந்து ஆட்டோவில் கொண்டுவந்தார். முன்னங்கால் முறிந்திருந்தது, இடப்பக்கம் இரண்டு விலா போயிருந்தன. எக்ஸ்ரேயில் பழைய முறிவு ஒன்றுகூட இல்லை. ஒருநாள் விழுந்த அடிதான். வழக்கு நடந்தது, அபராதத்தைக் கட்டினான். கட்டிய அன்று மாலையே ஆட்டத்தில் இறங்கினான் என்று ஊரில் சொன்னார்கள்.

ஆனால் அடுத்த வாரம் அவனாகவே மருந்தகத்துக்கு வந்தான். மருந்துச் செலவைத் தான் தருவதாகவும், கட்டு மாற்றும்போது நாயைப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னான். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இளைஞன் ஒருவன் திருந்துவதைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். நாய் மேசைமேல் படுத்திருந்தது, அந்த அம்மா தலையைத் தடவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று அவன், “உள்ளே வரலாமா டாக்டர்?” என்று கேட்டான். அந்தக் குரல் காதில் விழுந்ததும் நாய் மேசையிலேயே சிறுநீர் கழித்தது. குரைக்கவில்லை, எழவும் முயலவில்லை. நீர் மேசையின் தகரத்தில் ஓடி விளிம்பில் சொட்டியது, கண்கள் மட்டும் வாசலையே பார்த்தன. அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “மக்களே, நீ மருந்து வாங்கித் தந்தா போதும். அதத் தொடாண்டாம்.”

அன்றைக்கு நான் கற்றது, படித்த படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராதது. வருந்துகிறவன், தான் வருந்துவதை யார்மேல் காட்டுகிறான் என்று கவனிக்க வேண்டும். அவன் மனம் இலேசாவதற்கு அந்த நாய் மறுபடி அவன் கைக்குள் வர வேண்டியிருந்தால், அதுவும் நாயிடமிருந்து ஒன்றைப் பறிப்பதே. ஆறு வாரம் அவன் மருந்து வாங்கித் தந்தான், வாசல் பக்கத்துப் பலாமரத்தடியில் நின்றான், நாய் போன பிறகு உள்ளே வந்து மேசையைக் கழுவினான். நான் அவனைப் பாராட்டவில்லை, திட்டவுமில்லை. பிற்பாடு அவன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டான். நாய் வளைந்த காலோடு நான்கைந்து ஆண்டுகள் அந்த அம்மாவின் வீட்டு முற்றத்தில் கிடந்தது.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். விலங்கை வதைப்பவர் நாளை மனிதரையும் வதைப்பார் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வன்முறையும் விலங்கு வதையும் பல குடும்பங்களில் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது ஆய்வாளர்கள் ஏற்ற செய்தி. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2016 முதல் விலங்கு வதையைத் தனிக் குற்ற வகையாகக் கணக்கெடுப்பதற்கும் அந்தக் கவலை ஒரு காரணம். ஆனால் கூட்டத்துக்குப் பொருந்துவதை ஒரு தனி ஆளின் தலையில் எழுதிவிட முடியாது. உங்கள் வீரர் வீட்டில் யாரையும் அடிக்கிறாரா என்பதை விசாரியுங்கள். அதற்கான விடை அந்த வீட்டில் கிடைக்கும், ஆய்வில் கிடைக்காது. அவர் மன்னிப்புக் கேட்டது உண்மையா நடிப்பா என்பதும் அப்படித்தான். அழுதாரா என்று பார்ப்பதில் பயனில்லை. நடந்ததை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். நாய் அடிபட்டுவிட்டது என்கிறாரா, நான் அடித்தேன் என்கிறாரா? நாய் கடிக்க வந்தது, பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் பழைய பகை, அன்றைக்குக் குடித்திருந்தேன் என்று காரணங்களை முன்னே வைத்துச் செயலைப் பின்னே தள்ளுகிறாரா? இத்தனை ஆண்டுகளில் என் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் நாய் அடிபட்டுவிட்டது என்றுதான் பேசினார்கள். நான் அடித்தேன் என்று சொன்ன மிகச் சிலரை இப்போதும் நினைவிருக்கிறது.

உங்கள் குழுவுக்கு வருகிறேன். களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்கள் ஐந்து பேர். இதே குற்றத்தைச் செய்தது முதன்மை ரெய்டர் இல்லாமல், ஆண்டில் இரண்டு ஆட்டங்கள்கூட இறங்காத பன்னிரண்டாவது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக இப்படிப் பாதிப் பேர் எழுந்து நின்று, மனிதன் தவறு செய்வான், வாய்ப்பு தர வேண்டும் என்று வாதிட்டிருப்பார்களா? வாதிட்டிருப்பார்கள் என்றால் உங்கள் குழுவின் இரக்கம் உண்மையானது, அதை இவருக்கும் தாருங்கள். இல்லையென்றால் நீங்கள் எடைபோடுவது புள்ளிகளை மட்டுமே. அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்கு எந்த நிபந்தனையை வைப்பீர்களோ, அதையே இவருக்கும் வையுங்கள். திறமைக்காக ஒரு நாள் குறைக்கவும் வேண்டாம், பெயரெடுத்தவர் என்பதற்காக ஒரு நாள் கூட்டவும் வேண்டாம்.

நானாக இருந்தால் இந்த ஓணத்துக்கு அவரை இறக்க மாட்டேன். ஓர் ஆட்டக்காலம் வெளியே இருக்கட்டும், பயிற்சிக்கு வரட்டும். நாயின் மருத்துவச் செலவு முழுவதையும், இனி வரப்போவதையும் சேர்த்து, அவர் உழைத்துச் சம்பாதித்ததிலிருந்து தரட்டும். குழு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் போகக் கூடாது. பக்கத்து வீட்டாரிடம் அவரை நேரில் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால், அவர்கள் அதை விரும்புகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். விரும்பவில்லை என்றால் எழுதிக் கொடுத்தால் போதும். சேவையாக நாய்க் காப்பகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சுவர் கட்டட்டும், தண்ணீர்த் தொட்டி கட்டட்டும், தீவன மூட்டை சுமக்கட்டும். விலங்கைத் தொடும் வேலை எதுவும் தராதீர்கள். உங்கள் குழுவில் பள்ளிப் பையன்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் முன்னால் ஒருநாள் அவரே எழுந்து நடந்ததைச் சொல்லட்டும். அடுத்த ஆண்டு இறங்கலாம். தலைவர் பொறுப்பும், சுவரொட்டியில் பெரிய படமும், மாலையும் மேளமும் இன்னும் சில ஆண்டுகள் வேண்டாம். இதற்கெல்லாம் உடன்பட மறுத்தால், குழுவைவிட்டு வெளியேறும் முடிவை எடுப்பது அவர்தான், நீங்கள் இல்லை.

நம் ஊரில் மீனும் இறைச்சியும் தின்கிறோமே, நமக்கு இதைப் பேசத் தகுதி உண்டா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சட்டம் அந்த வேறுபாட்டைச் செய்தே இருக்கிறது: உணவுக்காகக் கொல்வதை விலக்கி, அதிலும் தேவையற்ற வேதனை தரக் கூடாது என்கிறது. ஜல்லிக்கட்டையும் இழுப்பார்கள். 2014இல் தடையும், 2017இல் மாநிலத் திருத்தமும், 2023இல் அதை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தனியே நீண்ட கதை. அதை வைத்துக்கொண்டு கம்பியால் அடித்த செயலுக்கு நியாயம் தேட முடியாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதியதில் வீரரின் வயது இருக்கிறது, அவர் எடுத்த புள்ளிகள் இருக்கின்றன, குழுவுக்கு வரக்கூடிய பரிசுத்தொகைகூட இருக்கிறது. அந்த நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மனுநீதிச் சோழன் கதையிலாவது பசு தானே வந்து மணியடித்தது, இந்த நாய்க்காக மணியடிக்க யாருமில்லை. கூட்டத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மழை விட்டுவிட்டுப் பெய்யும் இந்த நாட்களில், கால் எடுத்த இடம் சரியாக மூடாமலிருந்தால் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். தையல் ஓரத்தில் ஈரமோ நாற்றமோ இருக்கிறதா, நாய் அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, மூன்று காலில் நிற்கும்போது முதுகு வளைகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இருந்தால் அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், வண்டிக் கூலியை உங்கள் ரெய்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.